நூலைக் காட்டும் சொல்

ஓர் ஆசிரியர் ‘நற்கருணை’ என்பதை மற்றொருவர் ‘ஆண்டவரின் இராவுணவு’ என்பார். தேடுபவர் ஒரு பெயரை மட்டுமே அறிந்திருந்தால், எஞ்சிய நூல்கள் அவருக்கு இல்லாதவையே. ஆகவே நூற்பட்டியலில் ஒரு பெயரைத் தலைப்பாக நிறுத்தி, மற்றதை ‘காண்க’ என்னும் குறிப்பால் அதனோடு இணைப்பர். எப்பெயரை நிறுத்துவது? அது வெறும் எழுத்தர் பணியன்று. இறையியலும் அங்கே குறுக்கிடும்.

வத்திக்கான் நூலகத்தின் முன்னாள் தலைவரான திருத்தந்தை 11ஆம் பத்திநாதரின் காலத்தில், கார்னகி அறநிலையத்தின் துணையோடு அமெரிக்க நூலகர்கள் உரோமைக்கு வந்து பட்டியல் பணியில் உதவினர். பிரிவினை சபையார் மிகுந்த நாட்டின் முறை திருத்தந்தையின் நூலகத்துள் நுழைந்தது வியப்பே! பொருள் தலைப்புகளுக்கும் நெறி வகுத்த வத்திக்கான் விதிநூல் 1931இல் வெளிவந்தது. 1948இல் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டவர்களும் அமெரிக்கரே.