வானலைப் பங்கீடும் ஆட்டக் கோட்பாடும்

நிலத்திற்கு எல்லைக்கல் நாட்டலாம். ஆற்றுநீரை மதகு வைத்து அளந்து விடலாம். வானலைக்கு வேலி இடுவது எங்ஙனம்? ஒருவர் பேசும் அலைவரிசையில் மற்றொருவரும் பேசத் தொடங்கினால், இருவர் சொல்லும் கேட்போர் செவிக்குத் தெளிவாக எட்டா. இச்சிக்கல் வானொலிக் காலத்தில் தோன்றி, இன்றைய கைத்தொலைபேசி வரையில் தொடர்ந்து வந்துள்ளது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1912-ஆம் ஆண்டுச் சட்டம் வானொலி உரிமம் வழங்கும் பொறுப்பை வணிகத்துறைச் செயலரிடம் ஒப்படைத்திருந்தது. பின்னர் ஜெனித் நிறுவனம் தனக்கு ஒதுக்கப்படாத அலைவரிசையில் ஒலிபரப்பியது. வழக்கு மன்றம் ஏறிற்று. அவ்வாறு கட்டுப்படுத்தும் அதிகாரம் செயலருக்கு இல்லை என்று 1926-இல் தீர்ப்பாயிற்று. அதன்பின் நிகழ்ந்தது யாது? சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 200 புதிய நிலையங்கள் முளைத்தன. அண்டை நிலையத்தின் ஒலி குறுக்கிட்டதும் ஒரு நிலையம் தன் ஒலிபரப்புத் திறனைக் கூட்டியது; அதனால் நலிவுற்ற நிலையம் தானும் கூட்டியது. எவரும் அறிவிலிகள் அல்லர். அவரவர் தத்தம் நன்மையைக் கருதியே நடந்தனர். விளைந்ததோ பெருங்கூச்சல். 1927 பிப்ரவரியில் புதுச்சட்டம் பிறந்து, கூட்டரசு வானொலி ஆணையம் அமைந்த பின்னரே ஒழுங்கு திரும்பலாயிற்று.

இக்கூச்சலின் இயல்பை விளக்கும் கணிதம் அன்று இல்லை. 1944-இல் வான் நியூமனும் மோர்கென்ஸ்டெர்னும் ஆட்டக் கோட்பாட்டைப் பெருநூலாக்கினர். 1950-இல் ஜான் நாஷ் என்னும் இளைஞர் அதன் மையக் கருத்தை நாட்டினார். பிறர் போக்கு மாறாதிருக்க, தான் மட்டும் மாறுவதால் எவருக்கும் ஆதாயம் இல்லாத நிலையே சமநிலை என்றார். சமநிலை என்பது நன்னிலை அன்று. 1926-இன் கூச்சலும் ஒருவகைச் சமநிலையை நோக்கிய ஓட்டமே எனலாம்.

அலைவரிசையை விலைக்கு விடலாம் என்று பொருளியலறிஞர் கோஸ் 1959-இல் எழுதினார். ஆணையத்தின் முன் அவர் சான்றுரைக்கச் சென்றபோது, இஃதென்ன பெரிய வேடிக்கையா என்று ஓர் ஆணையர் வினவினாராம். வேடிக்கை வேறிடத்தில்தான் நிகழ்ந்தது. 1980-களில் அந்நாடு கைத்தொலைபேசி உரிமங்களைக் குலுக்கல் முறையில் வழங்கியது. 1989-இல் கேப் காட் பகுதிக்கான உரிமம் பல் மருத்துவர் சிலரின் கைக்குக் கிடைக்க, அவர்கள் அதனை 41 மில்லியன் அமெரிக்க வெள்ளிக்கு ஒரு தொலைபேசி நிறுவனத்திற்கு விற்றனர்!

ஏலமும் விதி பிழைத்தால் பிழைக்கும். நியூசிலாந்து 1990-இல், அதிக விலை கேட்டவர் இரண்டாவது உயர்ந்த விலையைச் செலுத்தினால் போதும் என்னும் முறையைக் கையாண்டது. கோட்பாட்டளவில் அழகிய முறை. ஆனால் போட்டி குன்றிய இடத்தில், 1,00,000 வெள்ளி கேட்டவர் வெறும் 6 வெள்ளி செலுத்தி உரிமம் பெற்றார். குறைந்தபட்ச விலை விதிக்கப்படாமையே குறை. 1994 ஜூலையில் அமெரிக்க ஆணையம் மில்குரோம், வில்சன், மக்காஃபி ஆகியோரின் கருத்துகளை ஏற்று வேறு வழி கண்டது. எல்லா உரிமங்களும் ஒரே வேளையில் ஏலத்திற்கு வரும். சுற்றுக்குச் சுற்று விலை வெளிப்படும். வாய்மூடிக் காத்திருப்போர் தகுதியை இழப்பர். ஐந்து நாளில் 10 உரிமங்கள் 617 மில்லியன் வெள்ளி ஈட்டின. மில்குரோமுக்கும் வில்சனுக்கும் 2020-இல் நோபெல் பரிசு கிட்டியது. எனினும் ஆட்டக்காரர் இன்றேல் ஆட்டம் ஏது? 2001-இல் சிங்கப்பூர் 4 உரிமங்களை ஏலம் விட முனைந்தபோது 3 நிறுவனங்களே முன்வந்தன. ஏலம் கைவிடப்பட்டு, அடிப்படை விலையாகிய 100 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளிக்கே அவை வழங்கப்பட்டன.

உரிமம் பெற்ற நிறுவனத்தின் வட்டத்திற்குள்ளும் பழைய கூச்சல் உறங்கவில்லை. ஒரே அலைக்கற்றையைப் பகிரும் கைத்தொலைபேசிகள் ஒவ்வொன்றும் தன் குரலை உயர்த்தினால், மின்கலம் தேயுமே அன்றிச் செய்தி தெளியாது. குட்மனும் மந்தயமும் 2000-ஆம் ஆண்டளவில் இதனை ஓர் ஆட்டமாகக் கணித்து, திறனைக் கூட்டுவதற்கு ஒரு கற்பனை விலை விதித்தால் யாவரும் தணிந்து பேசி யாவரும் பயன்பெறுவர் என்று காட்டினர். 1926-இல் நிலையங்களுக்கு இல்லாத கடிவாளம் இதுவே.

அடுத்து வந்தது விளிம்புக் கணிமை. தொலைவிலுள்ள பெருங்கணினியை நாடாது, கோபுரத்தின் அருகிலேயே சிறு கணினியை நிறுத்தி வேலை வாங்கும் ஏற்பாடு இது. ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தரநிலைக் கழகம் 2014-இல் இதற்கெனக் குழு அமைத்தது. ஒரு படத்தை ஆராய வேண்டுமெனில், கைத்தொலைபேசி தானே கணக்கிடலாம். அல்லது கோபுரத்திற்கு அனுப்பலாம். எல்லாரும் ஒருங்கே அனுப்பினால் அலைவரிசை நெரிந்து, தானே செய்வதினும் தாமதமாகும். ஆகவே பிறர் என்செய்வர் என்பதைப் பொறுத்தே ஒவ்வொன்றும் முடிவு செய்தல் வேண்டும்.

ரோசென்தால் 1973-இல் நெரிசல் ஆட்டங்களைப் பற்றி நிறுவிய தேற்றம் ஈண்டுக் கைகொடுக்கிறது. ஒருவர் பின் ஒருவராகத் தத்தம் நிலையைத் திருத்திக்கொண்டே வந்தால், அவ்வாட்டம் ஒரு சமநிலையில் வந்து நிற்கும். மேலிருந்து ஆணையிடுவார் தேவையில்லை. 2010-களின் நடுவில் ஆய்வாளர் இதே வழியில், கணக்கை அனுப்புவதா வேண்டாவா என்னும் முடிவையும் அத்தகைய ஆட்டமாக அமைத்துக் காட்டினர். ஆயினும் அச்சமநிலை, யாவருக்கும் உகந்த பங்கீட்டினின்று எத்துணை விலகியது? அதனை அளக்கும் வழியைக் கௌட்சூபியாசும் பாபடிமிட்ரியுவும் 1999-இல் காட்டினர். மொத்தப் பயனை அவ்வளவு சொல்லும். கோபுரத்திற்குத் தொலைவில் இருப்பவரின் குரல் நலிந்தே வந்து சேர்கிறது. அவர் அனுப்பும் கணக்குக்கு நேரமும் மின்னாற்றலும் மிகுதியாகின்றன. மொத்தம் மட்டும் கணக்கிடப்படின், முதலில் கைவிடப்படுபவர் அவரே. அதனால் பிற்கால ஆய்வுகளில் நாஷ் 1950-இல் வகுத்த மற்றொரு கருத்தாகிய பேரத் தீர்வும் இடம்பெறலாயிற்று. எவரது பயனும் பூச்சியமாக அத்தீர்வு இடந்தருவதில்லை.