முதன்முதலாக அடுக்குமாடி வீடு வாங்குவோர் கேட்க வேண்டிய கேள்விகள்

பிள்ளைகளின் படிப்புக்காகவும் வேலைக்காகவும் சென்னைக்குக் குடிவரும் நம் குடும்பங்கள் பெருகி வருகின்றன. மனை வாங்கித் தனி வீடு கட்டும் விலை கைக்கு எட்டாததால் பெரும்பாலோர் அடுக்குமாடியில் ஒரு வீட்டைத் தேடுகிறார்கள். ஒரு சபராளியின் பத்துப் பதினைந்து வருட உழைப்பு ஒரே கையெழுத்தில் கைமாறிப் போகிறது.

வீடு பார்க்கப் போகும்போது பள்ளிவாசல் எவ்வளவு தூரம், நல்ல தண்ணீர் வருமா, கிப்லா எந்தப் பக்கம் என்று கேட்கிறோம். இவை தேவையான கேள்விகளே. ஆனால் இவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இந்த வீட்டில் நம்மைத் தவிர வேறு யாருடைய ஹக்காவது இருக்கிறதா? கீழே உள்ளவற்றில் பலவும் இந்த ஒரு கேள்வியிலிருந்து கிளைப்பவைதான்.

1. நமக்கு எவ்வளவு நிலம் வருகிறது?

கட்டடத்துக்கு வயதாகும், நிலத்துக்கு ஆகாது. நாளை கட்டடத்தை இடித்துக் கட்டினாலும், அரசு நிலத்தை எடுத்துக்கொண்டாலும் நம் பங்கைத் தீர்மானிப்பது, தரகர்கள் யு.டி.எஸ். என்று சொல்லும் பிரிபடாத பாகம்தான். இரண்டு கிரவுண்டு, அதாவது 4,800 சதுர அடி மனையில் ஒரே அளவில் 8 வீடுகள் என்றால் ஒவ்வொன்றுக்கும் 600 சதுர அடி வர வேண்டும். பத்திரத்தில் 500 மட்டும் எழுதியிருந்தால் மீதி யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். எல்லா வீடுகளின் பாகத்தையும் கூட்டிப் பார்த்தால் மொத்த மனை அளவு வர வேண்டும்.

2. எந்தச் சதுர அடிக்கு விலை?

விளம்பரத்தில் வரும் அளவில் படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை எல்லாம் சேர்ந்திருக்கும். நாம் புழங்கும் இடம் கார்பெட் ஏரியா. வெளிச்சுவரும் பால்கனியும் அதில் சேராது, உள்சுவர்கள் சேரும். 1,000 சதுர அடி, அடிக்கு 7,000 ரூபாய் என்று சொல்லும் வீட்டின் கார்பெட் ஏரியா 700 என்றால், உண்மையில் நாம் அடிக்கு 10,000 ரூபாய் கொடுக்கிறோம். இரண்டு வீடுகளை ஒப்பிடும்போது இந்தக் கணக்கில்தான் ஒப்பிட வேண்டும்.

3. விற்பவருக்கு விற்கும் உரிமை முழுமையாக இருக்கிறதா?

மூலப்பத்திரம், பட்டா, குறைந்தது 30 வருட வில்லங்கச் சான்றிதழ் ஆகியவற்றை வாங்கி, நமக்கென்று அமர்த்திய வழக்கறிஞரிடம் காட்ட வேண்டும். பில்டர் ஏற்பாடு செய்யும் வழக்கறிஞர் போதாது.

வில்லங்கச் சான்றிதழில் பதிவான ஆவணங்கள் மட்டுமே வரும். முஸ்லிம் குடும்பத்துச் சொத்தாக இருந்தால் இங்கே கூடுதல் கவனம் தேவை. வாய்மொழியாகச் சொல்லி, ஏற்று, கைவசம் ஒப்படைத்த ஹிபா பதிவு இல்லாமலேயே செல்லும். அது சான்றிதழில் தெரியாது.

தகப்பனார் மௌத்தான பின் மகன்கள் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்ற நிலம் என்றால், அவருடைய மனைவியும் மகள்களும் எங்கே என்று கேட்க வேண்டும். அவர்கள் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்களா, அல்லது கிரயத்தில் கையெழுத்திட்டார்களா? வாரிசுகளில் மைனர் இருந்தால், தாயோ சிறிய தந்தையோ கையெழுத்திட்டு அந்தப் பங்கை விற்க முடியாது. நீதிமன்ற அனுமதி தேவை. இல்லாவிட்டால் அந்தப் பங்கின் விற்பனை செல்லாது. சட்டச் சிக்கல் ஒருபுறம் இருக்கட்டும். ஒரு அனாதையின் பங்கில் நாம் குடியிருக்கலாமா?

மனை வக்ஃப் சொத்தா என்பதையும் சர்வே எண்ணை வைத்து வக்ஃப் வாரியத்தில் விசாரியுங்கள். வக்ஃபை நிர்வகிக்கத்தான் முத்தவல்லிக்கு உரிமை, விற்க இல்லை.

4. அனுமதியும் ரெரா பதிவும் உண்டா?

சி.எம்.டி.ஏ. அல்லது மாநகராட்சி அனுமதித்த வரைபடத்தையும் நேரில் நிற்கும் கட்டடத்தையும் ஒப்பிடுங்கள். அனுமதித்ததை விட ஒரு மாடி கூடுதலாக இருந்து, நாம் வாங்குவது அந்த மாடியாக இருந்தால் ஆபத்து நமக்குத்தான். கட்டி முடித்த வீடென்றால் பணி நிறைவுச் சான்றிதழைக் கேளுங்கள்.

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி பதிவு செய்த திட்டத்தில், வாங்குவோரிடம் பெறும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும். வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் பில்டர் தம் செலவில் சரி செய்ய வேண்டும். பதிவு எண்ணைத் தமிழ்நாடு ரெராவின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். ஆனால் 500 சதுர மீட்டருக்கு மிகாத மனை, அல்லது 8 வீடுகளுக்கு மிகாத திட்டத்துக்குப் பதிவிலிருந்து விலக்கு உண்டு. சிறிய கட்டடங்களில் நாம்தான் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும்.

5. முன்பணம் எவ்வளவு கொடுக்கலாம்?

விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க பில்டருக்கு உரிமை இல்லை. "நம்ம பாய்தானே, எழுத்து எதற்கு?" என்று கூச்சப்பட வேண்டாம். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் வசனமே (2:282) குர்ஆனின் மிக நீண்ட வசனம். ரொக்கமாகக் கொடுப்பதைத் தவிர்த்து வங்கி வழியாகவே கொடுங்கள்.

6. விலைக்கு மேல் என்னென்ன செலவு?

கட்டுமானத்தில் இருக்கும் வீட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். சென்னையில் 45 லட்சத்துக்கு மிகாமல், 60 சதுர மீட்டருக்கு மிகாத கார்பெட் ஏரியா உள்ள வீட்டுக்கு 1 சதவீதம். நிறைவுச் சான்றிதழ் பெற்ற பின் விற்கும் வீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை.

புதிய வீட்டின் முதல் விற்பனைக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து, 2023 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, 50 லட்சம் வரை 6 சதவீதம், 3 கோடி வரை 7 சதவீதம், அதற்கு மேல் 9 சதவீதம். பதிவுக்கு முன் நடப்பு விகிதத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீத வரியைப் பிடித்து அரசுக்குக் கட்டுவது வாங்குபவரின் கடமை. விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தால் இந்த 1 சதவீத விதி பொருந்தாது, ஆடிட்டரைக் கேளுங்கள்.

7. வட்டியில்லாமல் வாங்க வழி உண்டா?

கட்டுமானத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தவணையாகப் பில்டரிடமே நேரடியாகக் கட்டும் முறை உண்டு. அளவும் தரமும் விலையும் தெளிவாக இருந்தால், செய்து தரச் சொல்லி வாங்கும் இஸ்திஸ்னா ஒப்பந்தமாக மார்க்க அறிஞர்கள் இதை அனுமதிக்கிறார்கள். ஆனால் தவணை தவறினால் வட்டி என்ற விதி ஒப்பந்தத்தில் பெரும்பாலும் இருக்கும். கையெழுத்துக்கு முன்பே அதை நீக்கச் சொல்லிப் பேசுங்கள். உங்கள் ஊர் ஆலிமிடமும் காட்டுங்கள். பெரிய வீட்டுக்காக வங்கி வட்டியில் விழுவதை விட, கையிலுள்ள பணத்துக்குச் சிறிய வீடு வாங்குவது மேல்.

8. யார் பெயரில் வாங்குவது?

வெளிநாட்டிலிருந்து மகன் பணம் அனுப்ப, வாப்பா பெயரில் பத்திரம் பதிவாவது நம்மிடையே வழக்கம். வாப்பாவின் காலத்துக்குப் பின் அது எல்லா வாரிசுகளுக்கும் உரிய சொத்தாகிறது. "நான் அனுப்பிய பணம்" என்று அப்போது சொன்னால் கூடப்பிறந்தவர்களிடையே பகைதான் மிஞ்சும். அன்பளிப்பாகக் கொடுக்கிறோமா, நமக்காக வாங்குகிறோமா என்பதை முதலிலேயே பேசி, எழுதி, அதற்கேற்ற பெயரில் பதிவு செய்வோம்.

இத்தனை கேள்விகளுக்கும் விடை தேட இரண்டு மூன்று மாதம் ஆகலாம். "இன்றே முன்பணம் கொடுங்கள், நாளைக்கு வீடு இருக்காது" என்பார் தரகர். போனால் போகட்டும், இன்னொரு வீடு கிடைக்கும், இன்ஷா அல்லாஹ். பிறர் ஹக் கலக்காத வீட்டில் நிம்மதியாகக் குடியிருக்கும் பாக்கியத்தை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.