ஏழடி அகலத்தில் ஒரு வீடு

படகுவீடுன்னு சொன்னதும் நம்ம மக்களுக்கு ஞாபகம் வர்றது ரெண்டே இடம்தான். ஒண்ணு ஆலப்புழை, இன்னொண்ணு தால் ஏரி. ரெண்டுமே ஹனிமூன் சமாச்சாரம். நான் சொல்லப் போறது இங்கிலாந்துக் கால்வாய்கள்ல இருக்குற படகுவீடு. இதுல ரொமான்ஸ் கம்மி, வாடகைக் கணக்குதான் ஜாஸ்தி.

ஆன்சைட்டுன்னு லண்டன்ல ஆணி புடுங்கிட்டு இருந்த காலத்துல, சாயங்காலம் ரீஜண்ட்ஸ் கால்வாய் ஓரமா நடக்குறது என் வழக்கம். வரிசையா நீள நீளமா படகுங்க நிக்கும். கூரை மேல விறகு, சைக்கிள், செடித் தொட்டி, சோலார் பலகை. சன்னல் வழியா பார்த்தா யாராவது பாத்திரம் கழுவிட்டு இருப்பாங்க. இந்தப் படகுக்குப் பேரு நேரோபோட். நீளம் 70 அடி வரைக்கும் போகும், அகலம் 7 அடிக்கும் கொஞ்சம் கம்மி. நம்ம ரயில் பெட்டியோட நீளம், ஆனா அகலத்துல மூணுல ரெண்டு பங்குதான்.

ஏன் 7 அடி? 1761ல பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் திறந்து, மான்செஸ்டருக்கு நிலக்கரி மலிவா வந்துச்சு. அதுக்குப் பின்னால இருந்த இஞ்சினியர் ஜேம்ஸ் பிரிண்ட்லி, 1766ல ஆரம்பிச்ச டிரெண்ட்-மெர்சி கால்வாய்க்கு லாக்கை 7 அடி அகலத்துல வச்சாரு. லாக்குன்னா மேடு பள்ளத்துல படகை ஏத்தி இறக்குற, கதவு வச்ச தண்ணித் தொட்டி. குறுகலா இருந்தா கட்டுற செலவும் மிச்சம், தண்ணியும் மிச்சம். அவ்ளோதாங்க. அன்னிக்கு ஒருத்தர் எடுத்த டிசைன் முடிவை 250 வருஷமா யாராலயும் மாத்த முடியலை. பேக்வர்ட் கம்பாட்டிபிலிட்டின்னா இதான் :-)

ஆரம்பத்துல படகோட்டிகள்ல நிறைய பேருக்குக் கரையில வீடு இருந்துச்சு. குதிரை இழுக்க, 25 டன் சரக்கோட போவாங்க, வருவாங்க. 1830, 40கள்ல ரயில் வந்தது. சரக்குக் கூலி விழுந்துச்சு. அப்பதான் வீட்டைக் காலி பண்ணிட்டுப் பொண்டாட்டி புள்ளைங்களோட படகுலயே ஏறினாங்க. வீட்டு வாடகையும் மிச்சம், கூலியாள் சம்பளமும் மிச்சம். சம்சாரம் சுக்கான் பிடிப்பாங்க, புள்ளைங்க குதிரையை ஓட்டும். அவங்க இருந்த அறை படகோட பின்பக்கம் சுமார் 10 அடி. மீதி எல்லாம் சரக்குக்கு. அந்த 10 அடிக்குள்ள அடுப்பு, அலமாரி (அதோட கதவைச் சாய்ச்சா சாப்பாட்டு மேசை), குறுக்க மடக்கிப் போடுற கட்டில். அதுலயும் ரோஜாப் பூவும் கோட்டையுமா வரைஞ்சு வச்சிருந்தாங்க பாருங்க, அதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது.

கோல்வில் ஊர்க்காரர் ஜார்ஜ் ஸ்மித். சின்ன வயசுலயே செங்கல் சூளையில வேலை செஞ்சவரு. சூளைப் பசங்களுக்காகப் போராடி 1871ல சட்டம் வர வச்சாரு. அடுத்து படகுப் புள்ளைங்க பக்கம் திரும்பினாரு. நல்ல மனுஷன்தான், ஆனா படகுக்காரங்களைக் குடிகாரங்க, அழுக்குப் பிடிச்சவங்கன்னு தாறுமாறா எழுதி வச்சாரு. அவரால 1877ல கால்வாய்ப் படகுகள் சட்டம் வந்துச்சு. பெரியவங்க ஒருத்தருக்கு 60 கன அடி, சின்னப் பிள்ளைக்கு 40 கன அடி இடம் இருக்கணும்னு அதுக்கான விதிகள் வந்தது. அதைவிட முக்கியம், ஒவ்வொரு படகையும் ஏதோ ஒரு ஊர்ல பதிவு பண்ணணும். பள்ளிக்கூடத்தைப் பொறுத்தவரை அந்தப் படகுப் புள்ளை அந்த ஊர்க்காரப் புள்ளை.

இதை நல்லா கவனிங்க. நகர்ற வீட்டுக்கு சர்க்கார் ஒரு விலாசம் ஒட்டுது. ரேஷன் கார்டு, பாஸ்போர்ட் வெரிபிகேஷன்னு அலைஞ்ச நமக்கு அந்த விலாசத்தோட அருமை தெரியும். ஆனா படகு எங்கேயும் நிக்காது, நின்னா கூலி இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் புள்ளை எங்கேர்ந்து போறது? 20ம் நூற்றாண்டுலயும் எழுதப் படிக்கத் தெரியாத படகுக்காரங்க நிறைய இருந்தாங்க.

1939ல டாம் ரோல்ட்னு ஒரு இஞ்சினியர் (நம்மாளு!) 'கிரெஸ்ஸி'ங்கிற பழைய படகை பான்பரியில வீடா மாத்தி, குளிக்கத் தொட்டி எல்லாம் வச்சு, மனைவியோட கிளம்பிட்டாரு. 1951 வரைக்கும் அதுலதான் வாசம். 1944ல அவர் எழுதின 'நேரோ போட்' புத்தகம் ஹிட். 1946ல கால்வாய்களைக் காப்பாத்த ஒரு சங்கமே உருவாச்சு. அவரு விரும்பிப் போனவரு, மத்தவங்க வேற வழியில்லாம போனவங்க. அந்த வித்தியாசத்தை மறந்துடக் கூடாது. 1962-63 குளிர்காலத்துல கால்வாய் உறைஞ்சு வாரக்கணக்குல படகெல்லாம் நின்னுடுச்சு. சரக்குத் தொழிலோட கதை ஏறக்குறைய அதோட முடிஞ்சது.

காலியான படகுலயும், அதே அளவுல புதுசா கட்டின படகுலயும் ஆளுங்க குடியேறினாங்க. லண்டன் வாடகை ஏற ஏற, கூட்டமும் ஏறுச்சு. 1995ல புதுச் சட்டம். லைசென்ஸ் வேணும்னா நிரந்தரமா கட்டிப்போட ஒரு இடம் காட்டணும். இல்லையா, ஒரே இடத்துல 14 நாளுக்கு மேல நிக்காம போயிட்டே இருக்கணும். நியாயமான காரணம் இருந்தா கொஞ்சம் சலுகை உண்டு. லண்டன்ல கட்டிப்போட இடம் கிடைக்கிறதும் கஷ்டம், விலையும் எக்கச்சக்கம். அதனால வேலைக்குப் போறவங்க, ஸ்கூல் போற புள்ளைங்க வச்சிருக்கவங்க எல்லாம் 14 நாளைக்கு ஒருக்கா வீட்டை அவிழ்த்துட்டுக் கொஞ்ச தூரம் போய்க் கட்டுறாங்க. கொஞ்ச தூரம்னா எவ்ளோ? சட்டத்துல மைல் கணக்கு கிடையாது. பாத் நகரத்துப் பக்கம் 10 மைலுக்குள்ளயே போய் வந்துட்டு இருந்த ஒருத்தரை, இது பயணமே இல்லைன்னு 2011ல பிரிஸ்டல் கோர்ட் சொல்லிடுச்சு.

ஓட்டுரிமை மட்டும் பரவாயில்லை. நிலையான வீடு இல்லாதவங்க, ஒரு ஊரோட தனக்கு உள்ள தொடர்பைச் சொல்லிப் பதிவு பண்ணிக்கலாம்னு 2000ல சட்டம் வந்தது. ஆனா 2012ல இருந்து கால்வாய்களைப் பார்த்துக்கிற அறக்கட்டளை, 2024 ஏப்ரல்ல இருந்து நிரந்தர இடம் இல்லாத படகுகளுக்கு லைசென்ஸ் கட்டணத்துல கூடுதல் தொகை போட ஆரம்பிச்சிருக்கு. வருஷா வருஷம் அது ஏறும். 1877ல விலாசம் குடுத்தாங்க, இப்போ விலாசம் இல்லைன்னா அதுக்கும் காசு.