பழைய லோரி இன்ஜினுக்குப் புதுத் தெம்பு: செலவுக்கு முன் அளந்து பாருங்கள்

தோட்டத்துச் செம்மண் பாதையில் செம்பனைக் குலை ஏற்றும் லோரிகளிலும், பட்டணத்தில் மணல், காய்கறி, கேஸ் தோம்பு ஏற்றும் சிறு லோரிகளிலும் 20 வயதைக் கடந்தவை இன்றும் நிறையவே ஓடுகின்றன. மேடு ஏறும்போது இழுவை குறைந்தால், "பம்பைக் கொஞ்சம் திறந்துவிடு" என்பதே பலருடைய முதல் யோசனை. அங்கேதான் தவறு தொடங்குகிறது. பழைய டீசல் இன்ஜின் முதலில் கேட்பது, தேய்ந்தும் அடைத்தும் போன சக்தியைத் திரும்பப் பெறுவது. கூடுதல் சக்தியைப் பற்றி யோசிப்பது அதற்குப் பிறகு.

தீபகற்பத்தில் 2024 ஜூன் 10ஆம் தேதி டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியபோது, மானிய அட்டை இல்லாத லோரிக்காரர்கள் இதை உடனே உணர்ந்தார்கள். நாளுக்கு 30 லிட்டர் குடிக்கும் லோரியில் பத்து விழுக்காடு மிச்சப்பட்டால், அந்த விலையில் 26 வேலை நாளுக்கு 260 வெள்ளிக்கு மேல் கையில் நிற்கும்.

புகை சொல்லும் சேதி

கறுப்புப் புகை என்றால் காற்றுக்கு மிஞ்சிய டீசல்: காற்று ஃபில்டர் அடைப்பு, தேய்ந்த நோசல், கூடுதலாகத் திறந்த பம்ப், இவற்றில் ஒன்று. நீலப் புகை என்றால் இன்ஜின் எண்ணெய் எரிகிறது. இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் டீசல் சரியாக எரியவில்லை. அதற்குப் பம்ப் டைமிங் பிந்தியிருக்கலாம், கம்ப்ரஷன் குறைந்திருக்கலாம். ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கெஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

கம்ப்ரஷன் அளவு

இங்கே பரவலாக ஓடும் இசுசு 4ஜேபி1 இன்ஜினை எடுத்துக்கொள்வோம். நான்கு சிலிண்டர், 2,771 சிசி, தீப்பற்றும் வரிசை 1-3-4-2. நல்ல நிலையில் அதன் கம்ப்ரஷன் சதுர சென்டிமீட்டருக்கு 31 கிலோ அளவில் இருக்கும். 22 கிலோவுக்குக் கீழே போனால் நோசல் மாற்றியும் பயனில்லை, இன்ஜினைத் திறக்கத்தான் வேண்டும்.

ஒரு சிலிண்டரில் மட்டும் குறைந்திருந்தால், அதன் வால்வுகள் மூடிய நிலையில் காற்றழுத்தம் செலுத்திக் காது கொடுத்துக் கேட்கலாம். காற்று ஃபில்டர் பக்கம் சத்தம் வந்தால் உள்ளிழுக்கும் வால்வு, எக்சோஸ் குழாயில் வந்தால் வெளியேற்றும் வால்வு, எண்ணெய் ஊற்றும் வாயில் வந்தால் பிஸ்டன் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கெஸ்கட். இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு, தேவையில்லாத ஓவர்ஹால் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

குறைந்த செலவில் பெரிய பலன்

தோட்டத் தூசியில் காற்று ஃபில்டர் பட்டணத்தைவிட வேகமாக அடைக்கும். அதைத் தட்டித் தட்டிக் காலம் தள்ளக் கூடாது. கிழிந்த ஃபில்டர் வழியாகப் போகும் மண் தூள் ரிங்கையும் சிலிண்டரையும் அரைத்துவிடும். ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தாலும் அதே கேடுதான்.

அடுத்து வால்வு இடைவெளி. 4ஜேபி1இல் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது இரு வகை வால்வுக்கும் 0.4 மில்லிமீட்டர். டேப்பட் சத்தமே இல்லாதபடி இறுக்கி வைப்பது நல்ல வேலை என்று சிலர் நினைக்கிறார்கள். இடைவெளி இல்லாத வால்வு முழுதாக மூடாது, மூடாத வால்வு கருகிப் போகும்.

நோசல்களைக் கழற்றி, டீசல் பம்ப் பட்டறையில் அழுத்தமும் தெளிப்பும் பார்க்கச் சொல்ல வேண்டும். பனிபோலத் தெளிக்காமல் சொட்டும் நோசல் டீசலையும் குடிக்கும், பிஸ்டன் தலையையும் சுடும். பம்ப் டைமிங்கை டயல் கேஜ் வைத்துப் பார்ப்பதே சரி. சத்தத்தை மட்டும் கேட்டுப் பம்பைத் திருப்புவது ஊகம்தான்.

நம் டீசலும் பழைய ரப்பரும்

மலேசிய டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து வரும் பயோடீசல் கலந்திருக்கிறது. கந்தகம் குறைந்த யூரோ 5 டீசலுக்கு இது வழவழப்பைக் கூட்டுகிறது. சுழல் வகைப் பம்புகள் டீசலையே மசகாகக் கொண்டு ஓடுவதால் அது நல்லதுதான். ஆனால் பயோடீசல் பழைய டேங்க்கின் அழுக்கைக் கரைத்து ஃபில்டருக்கு அனுப்பும், பழைய ரகக் குழாய்களையும் சீல்களையும் உப்ப வைக்கும், ஈரத்தையும் எளிதில் பிடிக்கும். ஆகவே பழைய லோரியில் டேங்க்கைக் கழுவி, ரப்பர் குழாய்களை டீசலுக்கு ஏற்ற புதிய ரகமாக மாற்றுவது நல்லது. ஃபில்டருக்கு அடியில் தேங்கும் தண்ணீரையும் அடிக்கடி வடிக்க வேண்டும். பம்புக்குள் தண்ணீர் போனால் பழுது ஆயிரக்கணக்கில் போகலாம்.

மாற்றியமைப்பது எதுவரை?

டர்போ இல்லாத இன்ஜின் உறிஞ்சும் காற்றுக்கு ஓர் அளவு உண்டு. பம்ப் திருகைத் திறந்து டீசலைக் கூட்டினால் சிறிது தூரம் இழுவை கூடும். அதன் பிறகு கூடுவது புகையும் சூடும் மட்டுமே. மேட்டில் முழுச் சுமையோடு ஏறும்போதுதான் அந்தச் சூடு பிஸ்டனை உருக்கும்.

டர்போ பூட்ட நினைப்போர், கம்ப்ரஷன் நன்றாக உள்ள இன்ஜினில் மட்டுமே யோசிக்க வேண்டும். பிஸ்டன், எண்ணெய் ஓட்டம், ரேடியேட்டர், கிளட்ச் எல்லாம் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். தேய்ந்த இன்ஜினில் டர்போ போடுவது அதன் முடிவை அவசரப்படுத்துவதுதான். சூடு ஏறுகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் வேண்டாம். ரேடியேட்டரைச் சுத்தம் செய்வதே மருந்து.

'ஹாஃப்கட்' இன்ஜின் வாங்கி மாற்றுவோர் ரசீதையும் இறக்குமதிப் பத்திரத்தையும் கேட்டு வாங்க வேண்டும். இன்ஜின் எண் கிராண்டில் பதிவாகியிருப்பதால், சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியும் பரிசோதனையும் அவசியம். எண் ஒத்துப் போகாத லோரி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் புஸ்பாகோம் சோதனையிலும் சிக்கும், விபத்து நேர்ந்தால் காப்புறுதிப் பணத்திலும் தகராறு எழலாம். கறுப்புப் புகைக்கும் 50 எச்.எஸ்.யு. என்ற சட்ட வரம்பு இருக்கிறது.

இழுப்பதற்கு முன் நிறுத்தம்

இன்ஜினைப் பற்றிப் பேசும்போது பிரேக் மறந்து போகிறது. 4ஜேபி1 பூட்டிய பல சிறு லோரிகளில் பிரேக்குக்கு உதவும் வெற்றிடத்தை உண்டாக்கும் சிறு பம்ப், அல்டர்னேட்டரின் பின்பக்கம் இருக்கிறது. அதற்கு எண்ணெய் கொண்டு போகும் குழாய் கசிந்தாலோ, வெற்றிடக் குழாய் வெடித்திருந்தாலோ பெடல் கல்லாகிவிடும். இன்ஜினை அணைத்துவிட்டோ, நியூட்ரலில் விட்டோ இறக்கத்தில் இறங்குவது உயிரோடு விளையாட்டு. இழுவை கூடிய லோரியில் சுமையும் கூடுவது வழக்கம். ஆனால் பிரேக்கும் பட்டையும் அச்சும் பழையவையே. அனுமதித்த எடையைத் தாண்டி ஏற்ற எந்த மாற்றமும் உரிமம் தராது.

பட்டறைக்குப் போகுமுன் எத்தனை கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் ஆகிறது, எண்ணெய் எவ்வளவு குறைகிறது என்று இரண்டு வாரம் எழுதி வைப்பது நல்லது. முதலில் பிரேக், அடுத்து கம்ப்ரஷன், பிறகு ஃபில்டர், வால்வு, நோசல், டைமிங், ரேடியேட்டர். இத்தனையும் முடிந்து மீண்டும் இரண்டு வாரக் கணக்கு எழுதிப் பார்த்தால், டர்போவுக்கு எடுத்து வைத்த பணம் தேவைப்படாமலே போகலாம்.