காலராக் கிருமியின் மேலாடை

காவிரியின் கிளைகள் கடலைச் சேரும் கழிமுகங்களில் நன்னீரும் உவர்நீரும் கலந்து நிற்கின்றன. இத்தகைய நீரே காலராக் கிருமிக்கு இயற்கையான இருப்பிடமாகும். நுண்ணிய நீர்வாழ் உயிரிகளின் ஓடுகளைப் பற்றிக்கொண்டு அது அங்கே வாழ்கிறது. 2022 ஜூலையில் டெல்டாவின் காரைக்காலில் காலரா தலைகாட்டிப் பொதுச் சுகாதார நெருக்கடி அறிவிக்கப்பட்டது.

இந்நோயின் வரலாறு நம் சமுதாயத்தையும் தொட்டதாகும். 1817இல் வங்கத்து ஜெஸ்ஸூரில் வெடித்த கொள்ளைநோய், மறு ஆண்டே சென்னை மாகாணத்தை எட்டிற்று. 1865இல் ஹஜ்ஜுக் காலத்தில் மக்காவில் பரவி, ஆயிரக்கணக்கான ஹாஜிகளை வாரிச் சென்றது. அதனையடுத்தே 1866இல் கான்ஸ்டாண்டிநோபிளில் பன்னாட்டுச் சுகாதார மாநாடு கூடிற்று. பிற்காலத்தில், திரும்பிவரும் ஹாஜிகளை ஸினாயின் தூர் துறைமுகத்தில் தங்கவைத்துப் பரிசோதித்தனர். 1905இல் அங்கே காட்ஷ்லிக் என்னும் மருத்துவர், இறந்த ஹாஜிகளின் உடலிலிருந்து ஒரு புதிய வகையைப் பிரித்தெடுத்தார். 'எல் டோர்' என்னும் பெயர் அவ்வூரால் வந்ததே. 1961இல் இந்தோனேஷியாவின் சுலவேசியில் தொடங்கி, 1964இல் இந்தியாவை அடைந்த ஏழாவது உலகப் பரவலுக்கு இவ்வகையே காரணம்.

இக்கிருமியின் புறத்தே, கொழுப்பும் சர்க்கரையும் இணைந்த மூலக்கூறுகள் நெருங்கி நிற்கின்றன. கொழுப்பு முனை கிருமியின் சவ்வில் பதிந்திருக்கும். சர்க்கரைச் சங்கிலி வெளியே நீண்டிருக்கும். நம் குருதியிலும் குடலிலும் உண்டாகும் எதிர்ப்புப் பொருள்கள் பெரும்பாலும் இச்சங்கிலியைக் கொண்டே பகைவனை இனங்காண்கின்றன. எல் டோர் வகையின் சங்கிலிக்கு 'ஓ1' என்று பெயர். அதன் ஒகாவா, இனாபா என்னும் பிரிவுகளுக்கிடையே உள்ள வேற்றுமை, கடைசிச் சர்க்கரையில் ஒட்டிய ஒரு சிறு மெத்தில் தொகுதியே!

1992இன் பிற்பகுதியில் சென்னையில் ஒரு விந்தை நேர்ந்தது. நோயோ காலரா, கிருமியோ ஓ1 சோதனைக்கு இணங்கவில்லை. எல் டோர் வழிவந்த அக்கிருமி, சங்கிலியை அமைக்கும் மரபணுக்களை மாற்றிக்கொண்டு, குறுகிய வேறு சங்கிலியையும் அதன்மேல் ஒரு சர்க்கரை உறையையும் அணிந்திருந்தது. அறிஞர்கள் அதற்கு 'ஓ139' எனப் பெயரிட்டனர். பழைய காலராவால் எதிர்ப்பாற்றல் பெற்றிருந்த பெரியவர்களும் பெருமளவில் வீழ்ந்தனர். நஞ்சு பழையதே, ஆனால் உடல் நினைவில் வைத்திருந்த அடையாளம் மாறிவிட்டது. கல்கத்தாவையும் வங்காளதேசத்தையும் அது விரைவில் சூழ்ந்தது.

2009இல் இந்தியாவில் அனுமதி பெற்ற வாய்வழித் தடுப்பு மருந்தில், கொல்லப்பட்ட ஓ1, ஓ139 கிருமிகள் இரண்டும் சேர்க்கப்பட்டன. ஓ139 பின்னர் அருகிவிட்டது. ஓ1 இன்னும் நம்மிடையே உண்டு. மேலாடை எதுவாயினும் அது வரும் வழி அசுத்தமான நீரும் உணவுமே. நன்கு கொதித்த நீரில் இரண்டும் மடியும் என்பதை நம் இல்லங்கள் மறவாதிருத்தல் வேண்டும்.