உடம்பு சொல்லும் பொய்

சின்ன வயசில தட்டாமாலை சுத்தாத ஆக்கள் எங்களில் குறைவு. சுத்தி முடிச்சு நிண்ட பிறகும் முத்தமும் வேலியும் சுத்திக்கொண்டே இருக்கும். கால் நிலத்தில நிக்குது, உடம்போ இன்னும் சுத்துறம் எண்டு சொல்லுது. அந்தப் பொய்யைப் பார்த்து நாங்கள் சிரித்தோம். மேகத்துக்குள் அதே பொய்யை நம்பிய விமானிகள் கனபேர் உயிரோடு திரும்பவில்லை.

வெளியில் ஒன்றுமே தெரியாத மேகத்துக்குள் பறப்பதற்குச் சாதாரண விமானி உரிமம் போதாது. 'இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்' என்கிற கருவிப் பறப்புத் தகுதி வேண்டும். அதற்கான பறப்புப் பரீட்சைக்கு ஆயத்தமாகிறவர்கள், வெளியே பார்க்க முடியாதபடி கண்ணுக்கு மேல் ஒரு மறைப்பை மாட்டிக்கொண்டு, முன்னாலுள்ள கருவிகளை மட்டும் பார்த்துப் பழகுகிறார்கள். அமெரிக்காவில் இதற்குப் பொதுவாக 40 மணித்தியாலப் பயிற்சி கேட்கிறார்கள். இந்தக் கண்ணாமூச்சி எங்கிருந்து வந்தது?

ஆரம்பகால விமானிகள், விமானம் சரிவதையும் திரும்புவதையும் உடம்பாலேயே உணரலாம் என்று நம்பினார்கள். 1926இல் வில்லியம் ஒக்கர் என்ற அனுபவமுள்ள அமெரிக்க இராணுவ விமானியை, மருத்துவப் பரிசோதனைக்காகக் கண்ணை மூடச்சொல்லிச் சுழல் நாற்காலியில் இருத்தினார்கள். நாற்காலி எந்தப் பக்கம் சுத்துது எண்டு அவரால் சரியாகச் சொல்ல முடியவில்லை. காரணம் உள்காதில் இருக்கிறது. சுழற்சி ஒரே வேகத்தில் நீடித்தால் அங்குள்ள திரவமும் கூடவே சுற்றத் தொடங்கிவிடும்; பிறகு சுழல்வதே தெரியாது. வேகம் குறைந்தால் எதிர்ப்பக்கம் சுத்துற மாதிரி இருக்கும். ஒக்கர் திரும்பி வந்தபோது, திருப்பத்தைக் காட்டும் கருவி ஒன்றைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தார். அதைப் பார்த்துச் சரியான பதிலைச் சொன்னார். உடம்பு தோற்ற இடத்தில் கருவி வென்றது.

1929 செப்டெம்பர் 24 அன்று, நியூயோர்க்கின் லோங் ஐலண்டில் உள்ள மிச்செல் ஃபீல்டில், ஜிம்மி டூலிட்டில் இதை வானத்தில் நிரூபித்தார். அவர் இருந்த விமானி அறையை முற்றாக மூடினார்கள். ஆபத்து வந்தால் உதவ பென் கெல்சி முன்னிருக்கையில் இருந்தார். செயற்கைத் தொடுவானம், திசைகாட்டும் கைரோஸ்கோப், நுட்பமான உயரமானி, வானொலிச் சமிக்ஞை. இவற்றை மட்டும் நம்பி டூலிட்டில் மேலெழுந்து, சுற்றிவந்து, தரையிறங்கினார். மொத்தம் ஏறத்தாழ 15 நிமிடம்.

அப்ப பிரச்சினை முடிஞ்சுதா? இல்லை. 1934 பெப்ரவரியில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் தனியார் நிறுவனங்களின் விமானத் தபால் ஒப்பந்தங்களை ரத்துச் செய்து, அந்த வேலையை இராணுவ விமானிகளிடம் கொடுத்தார். கடும் மாரிக்காலம், இரவு, பனிப்புயல். இரவிலும் கருவிகளை நம்பியும் பறப்பதில் பெரும்பாலானவர்களுக்குப் போதிய பயிற்சி இல்லை. சில மாதங்களுக்குள் பத்துக்கு மேற்பட்ட விமானப்படையினர் இறந்தார்கள். டூலிட்டில் நிரூபித்து நான்கு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அறிவு இருந்தது, அதைப் பழக்கத்தான் யாரும் மினக்கெடவில்லை.

அதற்குப் பிறகுதான் இராணுவம் எட் லிங்க்கைத் தேடியது. ஓர்கன் வாத்தியம் செய்யும் குடும்பத்தில் வளர்ந்த அவர், வாத்தியத்தின் துருத்திகளைக் கொண்டே நிலத்தில் இருந்து பறக்கப் பழகும் பெட்டி ஒன்றைச் செய்திருந்தார். அதுவரை அது களியாட்டப் பூங்காக்களில்தான் கூடுதலாக விலைப்பட்டது. மோசமான மூடுபனிக்குள் கருவிகளை நம்பிப் பறந்து அவர் இராணுவ அதிகாரிகளைச் சந்திக்க வந்து இறங்கியபோது, வேறு விளக்கம் தேவைப்படவில்லை. 1934இல் இராணுவம் ஆறு பெட்டிகளை வாங்கியது.

இன்றைய பரீட்சையின் ஒவ்வொரு பகுதியிலும் இந்த வரலாறு ஒளிந்திருக்கிறது. பரீட்சகர், மாணவரின் கண்ணை மூடச்சொல்லி விமானத்தைத் தாறுமாறாகச் சரித்துவிட்டு, "இனி நீங்கள் எடுங்கோ" என்கிறார். காது ஒன்று சொல்லும், கருவி வேறொன்று சொல்லும். கை கருவியின் சொல்லையே கேட்கவேண்டும். பிறகு முக்கியமான கருவிகளையும் மறைத்துவிட்டு, மிஞ்சியதைக் கொண்டு ஓடுபாதையை நோக்கி வரச் சொல்வார். ஒரு கருவி பொய் சொன்னால் அதை மற்றக் கருவிகளோடு ஒப்பிட்டுப் பிடிக்கவும் தெரிய வேண்டும். கருவியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப ஏலாது.

1999 ஜூலை 16 இரவு, ஜோன் எஃப். கென்னடி ஜூனியர் மார்த்தாஸ் வின்யார்ட் தீவுக்கு அருகே கடலில் விழுந்து இறந்தார். மனைவியும் மனைவியின் சகோதரியும் கூடவே போனார்கள். புகாரான இருட்டில் அவர் திசையுணர்வை இழந்தார் என்று விசாரணை முடிவு சொன்னது. விமானத்தில் கருவிகளுக்குக் குறையில்லை. அவர் கருவிப் பறப்புத் தகுதிக்காகப் படித்துக்கொண்டுதான் இருந்தார், இன்னும் அதைப் பெறவில்லை.

உள்காது ஏமாற்றும் என்பது இதை வாசித்த உங்களுக்கும் இப்ப தெரியும். ஆனால் தெரிந்திருப்பதால் காது பொய் சொல்வதை நிறுத்தாது. அந்தப் பொய் கேட்கும்போதே கையை நேராக வைத்திருக்கத்தான் அந்த 40 மணித்தியாலம்.