36 பைசாவின் கதை

எலெக்ட்ரானிக் சிட்டி பக்கத்து அடுக்குமாடிகளில் நம்மவர்கள் நாலு பேர் கூடினால் முன்பெல்லாம் பேச்சு தண்ணீர் லாரியிலும் சில்க் போர்டு நெரிசலிலும்தான் போய் நிற்கும். 2025 ஏப்ரலிலிருந்து கரண்ட் பில்லும் அந்தப் பட்டியலில் சேர்ந்துகொண்டது. யூனிட்டுக்கு 36 பைசா என்று புதிதாக ஒரு சர்சார்ஜ். மின்துறை ஊழியர்களின் பென்ஷன், கிராஜுவிட்டிக்காம்.

"நான் இந்த ஊருக்கு வந்தே எட்டு வருஷம்தான் ஆகுது. எப்பவோ வேலை பார்த்தவங்க பென்ஷனை நான் ஏன் சார் கட்டணும்?" என்று பக்கத்து பிளாக் நண்பர் கேட்டார். வங்கிக்காரன் என்பதால் கணக்கு சம்பந்தப்பட்ட கேள்வியெல்லாம் என்னிடம்தான் வரும் :-)

நியாயமான கேள்விதான். ஆனால் பதில் ஒரு வரியில் இல்லை. கொஞ்சம் பழைய கதை பேச வேண்டும். நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மைசூர் சமஸ்தானத்தில் 1883 முதல் 1901 வரை திவானாக இருந்தவர் சேஷாத்ரி ஐயர். பாலக்காட்டுத் தமிழர். அவர் காலத்தில் தொடங்கிய வேலைதான் சிவசமுத்திரம் நீர்மின் நிலையம். 1902 ஜூன் 30 அன்று அங்கிருந்து கோலார் தங்க வயலுக்கு மின்சாரம் போனது. தூரம் சுமார் 147 கிலோமீட்டர். அந்தக் காலத்தில் உலகிலேயே நீண்ட மின்பாதைகளில் ஒன்று. அதைப் பார்க்க சேஷாத்ரி ஐயர் இல்லை, முந்தைய வருடமே காலமாகிவிட்டார்.

வங்கிக்காரன் கண்ணில் படுவது வேறொன்று. வாங்கும் ஆளை உறுதி செய்துகொண்டுதான் சமஸ்தானம் முதலைப் போட்டது. வாங்கியது ஜான் டெய்லர் கம்பெனி நடத்திய தங்கச் சுரங்கங்கள். (அந்தச் சுரங்கங்களில் இறங்கி வேலை பார்த்தவர்களில் பெரும்பகுதி நம்மவர்கள் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.) பெங்களூருக்கு முறை வந்தது மூன்று வருடம் கழித்து, 1905 ஆகஸ்ட் 5 அன்று, தெருவிளக்காக. யாருக்கு எதற்காக எவ்வளவு செலவு, அதை யார் கொடுப்பது என்ற கணக்கு ஆரம்பத்தில் தெளிவாகத்தான் இருந்தது.

அன்றைக்கு மதராஸிலும் கல்கத்தாவிலும் மின்சாரம் தனியார் கம்பெனிகளின் கையில் இருந்தது. இங்கே முதல் நாளிலிருந்தே அரசாங்கம்தான் முதலாளி. 1957-ல் மின்வாரியம் வந்தது. இன்று மின்சாரத்தை நடத்துவது பெங்களூர் நகரசபை இல்லை. கார்ப்பரேஷனைத் திட்டிக்கொண்டே கரண்ட் பில் கட்டுகிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

நகரசபையே நடத்தினால் நன்றாக இருக்குமோ? இந்த ஆசை நமக்கு முன்னாலேயே திருச்சூர்க்காரர்களுக்கு வந்துவிட்டது. அப்போது கொச்சி சமஸ்தானத்தின் திவான் கோயம்புத்தூர்க்காரரான ஆர்.கே. சண்முகம் செட்டியார், பிற்பாடு சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆனவர். திருச்சூர் மின்விநியோகத்தைத் தனியார் கம்பெனிக்குக் கொடுக்க முடிவானபோது, நகரசபையே நடத்தட்டும் என்று 1936-ல் ஊரே கிளம்பியது. விலை என்ன என்பதைவிட யார் தீர்மானிப்பது என்பதுதான் அங்கே சண்டை. உரிமம் என்னவோ கம்பெனிக்கே போனது. ஆனால் இன்று திருச்சூர் நகரின் பழைய பகுதிகளுக்கு மாநகராட்சியே மின்விநியோகம் செய்கிறது. அதற்கும் கட்டணம் நிர்ணயிப்பது கேரளத்தின் மின்சார ஒழுங்குமுறை ஆணையம்தான்.

அடுத்தது எங்கள் அவிநாசிப் பக்கத்துக் கதை. நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது, அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். 1970-ல் தமிழ்நாட்டில் விவசாயப் பம்ப்செட்டுக்கு யூனிட் 8 பைசாவிலிருந்து 10 பைசா ஆனது. இரண்டே பைசா! நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் எழுந்தார்கள். ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டதில் மூன்று விவசாயிகள் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகு ஒரு பைசா குறைந்தது. 1972-ல் மறுபடி உயர்வு, மறுபடி போராட்டம். கோவை நகரத்து ரோடுகளை மாட்டுவண்டிகளால் அடைத்தார்கள். மறுபடி துப்பாக்கிச் சூடு, மறுபடி சாவு. ஜூலை 5-ஐ விவசாயச் சங்கங்கள் உழவர் தினமாக அனுசரிப்பது அதனால்தான்.

கட்டணத்தை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்ல அன்றைக்குத் தெருவைத் தவிர வேறு இடம் கிடையாது. அரசாங்கமே விலை வைக்கும், அரசாங்கமே விற்கும். தெருவில் கிடைத்த பாடத்தை எல்லாக் கட்சிகளும் படித்துக்கொண்டன: மின்கட்டணத்தில் கைவைத்தால் ஓட்டு போய்விடும். அப்புறம் பல மாநிலங்களில் சலுகையும் இலவசமும் வந்தன. சலுகை தப்பென்று நான் சொல்லவில்லை, சிறு விவசாயியின் கஷ்டம் தெரிந்த வீட்டில்தான் வளர்ந்தேன். ஆனால் அறிவித்த சலுகைக்கான பணம் மின்வாரியங்களுக்கு ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. ஓட்டை விழுந்த பாத்திரம் மாதிரி நஷ்டம் ஒழுகிக்கொண்டே இருந்தது.

அதை அடைக்கத்தான் 1999-ல் கர்நாடகம் சீர்திருத்தச் சட்டம் போட்டது. வாரியம் போய் கே.பி.டி.சி.எல் என்ற கம்பெனி வந்தது. கட்டணம் நிர்ணயிக்கத் தனி ஆணையம் (கே.இ.ஆர்.சி) வந்தது. 2002 ஜூனில் விநியோகம் பிரிந்து பெஸ்காம் பிறந்தது. ஊழியர்கள் வாரியத்திலிருந்து கம்பெனிக்கு மாறினார்கள். அவர்களுடைய பென்ஷன் பொறுப்பும் கூடவே வந்தது. அதற்கென டிரஸ்ட் வைத்தார்கள், அரசாங்கமும் தன் பங்கைப் போட வேண்டும் என்று ஏற்பாடு.

நண்பரின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. அரசின் அந்தப் பங்கைத்தான் 2025 ஏப்ரல் முதல் நுகர்வோரிடம் வசூலிக்க ஆணையம் உத்தரவிட்டது. முதல் வருடம் யூனிட்டுக்கு 36 பைசா, அடுத்து 35, அதற்கடுத்து 34. முப்பது வருடம் கம்பம் ஏறியவருக்குப் பென்ஷன் கொடுத்தே ஆக வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது பழைய பொறுப்பு. எல்லாருடைய வரிப்பணத்திலிருந்து போக வேண்டியது, யூனிட் கணக்கில் நம் பில்லுக்கு இடம் மாறிவிட்டது. காமர்ஸ் படித்தவர்கள் பாஷையில், ஒருவர் பேலன்ஸ் ஷீட்டில் இருந்த கடன் இன்னொருவர் செலவுக் கணக்குக்கு வந்துவிட்டது.

அதே சமயம் வந்த இன்னொரு உத்தரவில் வீட்டு மின்சாரம் யூனிட்டுக்கு 10 பைசா குறைந்தது. ஃபிக்ஸட் சார்ஜ் மட்டும் கிலோவாட்டுக்கு 120-லிருந்து 145 ரூபாய் ஆனது. உங்கள் வீட்டுக்கு 5 கிலோவாட் லோடு, மாதம் 300 யூனிட் செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள். யூனிட் விலையில் 30 ரூபாய் மிச்சம். ஃபிக்ஸட் சார்ஜில் 125 கூடுதல், பென்ஷனுக்கு 108. ஆக வரி போக மாதம் 203 ரூபாய் ஏற்றம். "கட்டணம் குறைந்தது" என்று தலைப்பைப் படித்தவர்களுக்கு பில் புரியாமல் போனதில் ஆச்சரியமில்லை.

2023-ஐயும் மறந்திருக்க மாட்டீர்கள். மே 10 வாக்குப்பதிவு, மே 13 வாக்கு எண்ணிக்கை. நடுவில் மே 12 அன்று சராசரியாக யூனிட்டுக்கு 70 பைசா உயர்வு, அதுவும் ஏப்ரல் முதல் தேதியிட்டு. 100 யூனிட்டைத் தாண்டினால் எல்லா யூனிட்டுக்கும் 7 ரூபாய். ஹூப்ளியில் இருக்கும் கர்நாடக வர்த்தகத் தொழில் சபை அழைத்து ஜூன் 22 அன்று கடையடைப்பு நடந்தது. ஆகஸ்டில் கிருஹ ஜோதி வந்தது. 200 யூனிட்டுக்குள் அவரவர் பழைய சராசரியும் அதன்மேல் 10 சதவீதமும் இலவசம், 200-ஐத் தாண்டினால் முழுப் பில். வாடகை வீட்டில் இருந்த நம்மவர்கள் பலருக்கும் அது கிடைத்தது.

சரி, இதில் நாம் என்ன செய்ய முடியும்? "நமக்கு இங்கே ஓட்டே இல்லை சார், எவன் கேப்பான்?" என்பதுதான் பெரும்பாலோர் பதில். 2003 மின்சாரச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கட்டண மனு வந்தால் அதை விளம்பரம் செய்ய வேண்டும், பொதுமக்கள் ஆட்சேபங்களைப் பரிசீலித்து 120 நாளுக்குள் ஆணையம் உத்தரவு போட வேண்டும் என்கிறது 64-வது பிரிவு. ஆட்சேபம் சொல்ல இந்த ஊர் வாக்காளர் அட்டை தேவையில்லை. தொழில் அமைப்புகள் வக்கீலோடு போய் உட்காருகின்றன. நம்மைப் போன்ற வீட்டுக்காரர்கள் வாட்ஸப்பில் புலம்புவதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

எழுதும்போது "ஏழைகள் பாதிக்கப்படுவார்கள்" என்று பொதுவாக எழுதாதீர்கள். மூன்று கணக்கைக் கேளுங்கள். மின்சாரம் வாங்கும் செலவு எவ்வளவு உயர்ந்தது, ஏன்? வழியில் வீணாகும் மின்சாரம் எத்தனை சதவீதம்? இலவசத்துக்கு அரசு தர வேண்டிய பணம் வந்ததா? சலுகை கொடுத்தால் பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும் என்பது அதே சட்டத்தின் 65-வது பிரிவு. வீட்டளவில் இன்னொரு வேலையும் உண்டு. பில்லில் உங்கள் லோடு எத்தனை கிலோவாட் என்று பாருங்கள். தேவைக்கு மேல் இருந்தால் குறைக்க விண்ணப்பிக்கலாம், அந்தந்த கிலோவாட்டுக்கான ஃபிக்ஸட் சார்ஜ் குறையும்.

பெருமாநல்லூரில் ஒரு பைசாவுக்காக உயிரையே கொடுத்தார்கள். நமக்கு ஒரு மனு எழுதுகிற வேலைதான். 2025-ல் போட்ட கட்டண உத்தரவு மூன்று வருடத்துக்கானது, 2028 மார்ச்சோடு முடிகிறது. அதற்கடுத்த காலத்துக்கான மனு 2027 நவம்பர் வாக்கில் வர வேண்டும். அசோசியேஷன் செயலாளர்கள் இப்போதே நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் குடியிருப்பில் ஏற்கெனவே யாராவது ஆட்சேபம் எழுதியிருந்தால் அந்த அனுபவத்தைப் பின்னூட்டத்தில் சொல்லுங்கள், மற்றவர்களுக்கு உதவும்.